மருதத்திணையிலிருந்து ஒரு காதல் நகைச்சுவை நாடகம்: எழுதி மேடையேற்ற முழுமையான வழிகாட்டி

கழனி ஓரத்து மாமரத்தில் பழுத்த பழம் தானாக உதிர்கிறது. கீழே குளத்தில் கிடக்கும் வாளைமீன் அதைக் கவ்விக்கொள்கிறது. அந்த ஊர்க்காரனைப் பற்றி ஒரு பெண் பேசுகிறாள்: "எங்கள் வீட்டில் இருந்தபோது எவ்வளவு பெரிய பேச்சு! தன் வீட்டுக்குப் போனதும், நாம் கையைத் தூக்கினால் கையையும் காலைத் தூக்கினால் காலையும் தூக்குமே கண்ணாடிக்குள் தெரியும் உருவம், அதைப் போல ஆடுகிறான், தன் மகனுடைய தாய்க்கு."

குறுந்தொகையின் 8ஆம் பாடல் இது. பாடியவர் ஆலங்குடி வங்கனார். ஆறே அடி. பேசுகிறவள் மனைவி இல்லை, காதற்பரத்தை, அதாவது திருமணத்துக்கு வெளியே அவன் உறவு கொண்டிருக்கும் பெண். மனைவி தன்னைத் தூற்றினாள் என்று கேள்விப்பட்டு, மனைவியின் பக்கத்தார் காதில் விழும்படி சொல்கிறாள். 'நான் வலை வீசவில்லை, பழம் தானாக விழுந்தது' என்பதை மீனையும் மாம்பழத்தையும் வைத்தே முடித்துவிடுகிறாள். 'ஆடிப்பாவை' என்ற ஒரே சொல்லில் அவனைப் பொம்மையாக்குகிறாள். சிரிப்பு வருகிறது. பிறகு கடைசிச் சொல்லைக் கவனியுங்கள்: 'புதல்வன் தாய்'. அவள் நாவுக்கு 'மனைவி' என்ற சொல் வரவில்லை. அவனுக்குப் பிள்ளை பெற்றுக் கொடுத்தவள் இன்னொருத்தி என்ற உண்மை அவளைக் குத்துகிறது. சிரிப்பும் குத்தலும் ஒரே மூச்சில் வரும் இந்த இடத்தைத்தான் நாம் மேடைக்குக் கொண்டுபோகப் போகிறோம்.

ஓர் உறவில் நிலைத்து நிற்க முடியாத ஆண்கள், சொன்ன சொல்லை நம்பிய பெண்கள், நடுவில் நின்று பேசும் தோழிகளும் பாடிப் பிழைக்கும் பாணர்களும் என்று, சங்க அகப்பாடல்களில் ஊடலைப் பாடும் மருதத்திணை முழுவதும் நாடகம்தான். ஆனால் நம் மேடைகளில் சங்க இலக்கியம் என்றாலே பெரும்பாலும் நடனமாகவோ உரைவீச்சாகவோ முடிந்துவிடுகிறது. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஓடும், ஏழெட்டு நடிகர்கள் போதுமான நாடகம் ஒன்றை எழுதி நிறுத்தும் வழியை இங்கே சொல்கிறேன். பள்ளி, கல்லூரிக் குழுக்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். வயதில் முதிர்ந்த குழுவுக்கு இது இன்னும் நன்றாகப் பொருந்தும்.

முதல் படி: பாடல்களைத் திரட்டுங்கள்

எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்றால் தொடங்கவே மாட்டீர்கள். ஐங்குறுநூற்றின் முதல் நூறு பாடல்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவை மருதத்துக்கு உரியவை. பாடியவர் ஓரம்போகியார். ஒவ்வொன்றும் மூன்று முதல் ஆறு அடிதான். பத்துப் பத்தாகப் பிரித்து வேட்கைப் பத்து, கள்வன் பத்து, புலவிப் பத்து, புனலாட்டுப் பத்து, எருமைப் பத்து என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். கள்வன் என்றால் இங்கே நண்டு, புலவி என்றால் ஊடல். நூறையும் ஒரே அமர்வில் வாய்விட்டுப் படியுங்கள். ஒரே வீட்டில் விட்டுவிட்டு நடக்கும் நீண்ட சண்டையை ஒட்டுக்கேட்பது போல இருக்கும்.

அடுத்து அகநானூறு. அதைத் தொகுத்தவர்கள் ஓர் ஒழுங்கு வைத்தார்கள்: 6, 16, 26 என்று ஆறில் முடியும் எண்கள் எல்லாம் மருதம். மொத்தம் நாற்பது. இவை நீளமானவை, காட்சி நிறைந்தவை. கலித்தொகையில் 66 முதல் 100 வரை மருதக்கலி. அங்கே கணவனும் மனைவியும் நேருக்கு நேர் பேசிக்கொள்கிறார்கள், ஆகவே வசனம் எழுதுகிறவருக்கு அது பொற்சுரங்கம். குறுந்தொகையிலிருந்தும் நற்றிணையிலிருந்தும் எடுக்க வேண்டியவற்றை வழியில் சொல்லிக்கொண்டே போகிறேன். கடைசியாகத் திருக்குறளின் 131, 132, 133 ஆகிய மூன்று அதிகாரங்கள்: புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை. மூலமும் உரையும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மூலம் மட்டும் போதும் என்றால் மதுரைத் திட்டத்தின் இணையத்தளம் இருக்கிறது.

படிக்கும்போது பாட்டுக்குக் கீழே உள்ள துறைக்குறிப்பைத் தாண்டிப் போகாதீர்கள். 'பாணற்குத் தோழி வாயில் மறுத்தது' என்பது போல ஒரு வரி இருக்கும். யார், யாரிடம், எந்த நேரத்தில் பேசுகிறார் என்பது அதில் அடங்கிவிடும். நாடகம் எழுதுகிறவருக்கு வேறென்ன வேண்டும்? ஒரு சிறு அட்டையில் பாட்டு எண், பேசுபவர், கேட்பவர், அருகில் நின்று ஒட்டுக்கேட்பவர் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஒட்டுக்கேட்பவரை மறந்தால் நகைச்சுவையில் பாதி போய்விடும். மருதத்தில் முக்காலே மூன்று வீசம் பேச்சு, நேரே நிற்பவரிடம் சொல்லி அப்பால் நிற்பவருக்குப் போய்ச் சேரும் பேச்சு.

இரண்டாம் படி: மூன்று இணைகளைத் தேர்ந்தெடுங்கள்

அகப்பாட்டில் யாருக்கும் பெயர் கிடையாது. 'சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்' என்பது தொல்காப்பிய விதி. நீங்களும் பெயர் வைக்காதீர்கள். பெயர் வைத்தவுடன் அது எங்கோ யாருக்கோ நடந்த கதையாகிவிடுகிறது. பெயரில்லாதவரை, பார்ப்பவர்கள் அவரவர் தெருவிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்திக்கொள்வார்கள்.

முதல் இணை, மணமாகிச் சில மாதமே ஆனவர்கள். இவர்களுக்கு ஐங்குறுநூறு 22 போதும். சேற்றில் ஆடிய புள்ளி நண்டு முள்ளிச் செடியின் வேரடி வளைக்குள் போய் ஒளியும் ஊர்க்காரன் அவன். நல்ல சொற்களைச் சொல்லி என்னை மணந்தான், பிறகு 'நீயேன் என்றது எவன்கொல் அன்னாய்' என்று கேட்கிறாள். 'உன்னைவிட்டு நீங்கமாட்டேன் என்றானே, அது என்ன ஆயிற்று?' நாடகம் முழுவதையும் தாங்கும் கேள்வி இதுதான். 'நீயேன்' என்ற ஒரு சொல்லை அந்த மணமகன் முதல் காட்சியில் மேடையில் வாய்விட்டுச் சொல்லட்டும். அதன்பின் யாரும் அதை உச்சரிக்கக் கூடாது, கடைசிக் காட்சி வரை.

இரண்டாம் இணை, குழந்தை பிறந்த வீடு. நற்றிணை 380இல் கூடலூர்ப் பல்கண்ணனார் காட்டும் மனைவியை நம் எல்லோருக்கும் தெரியும். சேலையில் நெய்யும் தாளிப்பும் பட்ட அழுக்கு, மார்பில் சுரக்கும் பால், பிள்ளையை அணைத்து அணைத்து உடம்பெல்லாம் பச்சைப்பிள்ளை வாசம். ஒளிவீசும் நகை அணிந்த பெண்களின் சேரியில், அதாவது பரத்தையர் வாழும் தெருவில், தேரேறித் திரிகிறவனுக்கு நாங்கள் ஏற்றவர்கள் இல்லை என்று பாணனைத் திருப்பி அனுப்புகிறார்கள். 'உன் தலைவனை இங்கிருந்து கூட்டிக்கொண்டு போ, நெடுநேரம் நிற்கும் குதிரைகளும் வெறுத்துப்போகும்' என்று சொல்லும் இடத்தில் கோபமும் கிண்டலும் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கின்றன.

மூன்றாம் இணையில்தான் பெரும்பாலான நாடகக்காரர்கள் தவறு செய்கிறார்கள். பரத்தையும் அந்தப் பிள்ளை பெற்ற வீட்டுக் கணவனும் ஓர் இணைதான். அவளை வில்லியாக்கினால் நாடகம் தொலைக்காட்சித் தொடராகிவிடும். அவளுக்கும் அவனிடம் ஓர் எதிர்பார்ப்பு இருக்கிறது, அவளிடமும் அவன் நிலைத்து நிற்கவில்லை. அவளுடைய செருக்கைப் பார்க்க ஔவையார் பாடிய குறுந்தொகை 80 வேண்டும். கூந்தலில் ஆம்பல் சூடிப் புதுப்புனல் ஆடப் போகிறோம், மனைவிக்குப் பயமாக இருந்தால் எழினி என்னும் வீரனின் போர்முனையில் பசுக்கூட்டத்தைக் காப்பது போலத் தன் உறவினரைக் கூட்டிக்கொண்டு வந்து 'காக்க தன் கொழுநன் மார்பே' என்கிறாள். அரங்கம் நிச்சயமாகச் சிரிக்கும். கண்ணாடிப் பொம்மை என்று சொன்னவளும் இவளும் ஒரே பெண்ணாக இருக்கட்டும். செருக்கு முதலில் வர வேண்டும். 'புதல்வன் தாய்' என்ற அடி பின்னால் வர வேண்டும்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். இந்தப் பாடல்களின் உலகம் சமமானதன்று. கணவனுக்குத் திறந்திருக்கும் தெரு மனைவிக்கு இல்லை. சேரியில் வாழும் பெண்ணுக்கு வீடு இல்லை. பழம்பெருமை பேசும் ஆசையில் இதை மழுப்பிவிட்டு எழுதிய நாடகத்தைப் பெண்கள் நம்பமாட்டார்கள், நம்பவும் கூடாது. அந்தச் சமமின்மையிலும் பேச்சில் பெரும்பகுதியைப் பெண்களிடமே கவிஞர்கள் கொடுத்திருக்கிறார்கள் என்பதுதான் நமக்குக் கிடைத்த பிடி. ஆண் வருகிறான், நிற்கிறான், தடுமாறுகிறான். வெல்லும் சொல் எல்லாம் அவர்களுடையது.

மூன்றாம் படி: மேடையில் ஒரு கதவு போதும்

மருதத்துக்குச் சிறுபொழுது வைகறையும் விடியலும். இரவை எங்கோ கழித்துவிட்டுக் கணவன் வீடு திரும்பும் நேரம் என்று இதை வைத்துக்கொண்டால் அரங்க ஒளியமைப்பின் பாதி வேலை முடிந்தது. அள்ளூர் நன்முல்லையார் 'வாள்போல் வைகறை' என்று பாடியிருக்கிறார். 'குக்கூ' என்று கூவும் சேவலோடு அந்தப் பாட்டு (குறுந்தொகை 157) தொடங்குகிறது. உங்கள் நாடகமும் அந்தச் சேவலோடு தொடங்கலாம்.

மேடையின் நடுவில் ஒரு கதவு நிலை. ஒரு பக்கம் தெரு, மறுபக்கம் அடுக்களை. வேறு எதுவும் வேண்டாம். ஏன் கதவு என்றால், இந்த நாடகத்தின் மொத்த இலக்கணமும் 'வாயில்' என்ற சொல்லில் இருக்கிறது. வாயில் வேண்டுதல், வாயில் மறுத்தல், வாயில் நேர்தல் (இணங்குதல்). கதவும் வாயில், கதவருகே வந்து சமாதானம் பேசும் ஆளும் வாயில். தொல்காப்பியக் கற்பியல் அப்படிப்பட்ட பன்னிரண்டு பேரை வரிசைப்படுத்துகிறது: தோழி, தாய், பார்ப்பான், பாங்கன், பாணன், பாட்டி (பாடினி), இளையர், விருந்தினர், கூத்தர், விறலியர், அறிவர், கண்டோர். போகிற வழியில் பார்த்தவர்கூட நடுவில் புகுந்து பேசலாம்! நம் ஊரில் ஒரு வீட்டுச் சண்டைக்கு எத்தனை பேர் வந்து நிற்பார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள், இந்தப் பட்டியலின் உயிர் புரியும்.

பன்னிரண்டு பேருக்கும் நடிகர் தேட வேண்டாம். பாணன் ஒருவன், தோழி ஒருத்தி, இருவர் மட்டும் நிலையாக இருக்கட்டும். மற்றவர்களை மீதி நடிகர்களே ஒரு துண்டையோ கோலையோ மாற்றிக்கொண்டு நடித்துவிடலாம். ஒருவர் பின் ஒருவராகக் கதவைத் தட்டி ஒருவர் பின் ஒருவராகத் திரும்பும் காட்சியை வேகமாக நடத்துங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது.

பாணனைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அவனைக் கோமாளியாக்கும் ஆசை நடிகருக்கு உடனே வரும். ஒத்திகையில் பலமுறை பார்த்திருக்கிறேன்: குரலை மாற்றி, இடுப்பை வளைத்து நடித்தால் முதல் இரண்டு நிமிடம் சிரிப்பார்கள், பிறகு சலித்துவிடும். அவன் சோற்றுக்காகத் தலைவனின் பொய்யைச் சுமக்கிற கலைஞன். பாடத் தெரிந்தவன், பொய் சொல்லத் தெரியாதவன். அவன் நேர்மையாக நின்றால்தான் நகைச்சுவை நிற்கும்.

நான்காம் படி: பொய்களை வரிசைப்படுத்துங்கள்

நாடகத்தின் சிரிப்பு உச்சம் கலித்தொகையில் இருக்கிறது. கணவன் திரும்பி வருகிறான். எங்கே போனாய் என்று மனைவி கேட்கிறாள். 93ஆம் பாட்டில் கடவுளரைக் கண்டு தங்கினேன் என்கிறான். 95இல் குறும்பூழ்ச் சண்டை, அதாவது காடைச் சண்டை பார்க்கப் போனேன் என்கிறான். 96இல் புதிய குதிரை ஏறினேன். 97இல் யானை. 98இல் ஆற்றில் புதுவெள்ளம்.

இந்த ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் அந்த மனைவியின் உத்தி தெரியும். 'பொய்' என்று ஒரு சொல்லில் வெட்டிவிட மாட்டாள். பொய்யை அப்படியே ஏற்றுக்கொள்வாள், பிறகு அதை நீட்டுவாள். குதிரை என்றாயா? அந்தக் குதிரையை நானும் அறிவேன், அதன் பிடரி இப்படி, அதன் அணிகலன் இப்படி என்று அங்கம் அங்கமாக வருணிப்பாள். வருணிக்க வருணிக்கக் குதிரை ஒரு பெண்ணாக மாறிக்கொண்டே வரும். அவன் மார்பில் இருக்கும் கீறல் குதிரையின் வேலையாகிவிடும். தன் பொய்க்குள் தானே அகப்பட்டுக்கொண்டு அவன் விழிப்பதுதான் காட்சி.

வசனம் எழுதும்போது இந்த உத்தியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஐந்து பொய்யையும் போட வேண்டாம், மூன்று போதும். காடையை முதலில் வையுங்கள், அது சிறியது. குதிரையை நடுவில். கடவுளைக் கடைசியில் வையுங்கள், ஏனென்றால் கடவுளைச் சாட்சிக்கு இழுக்கும்போது அவனுக்கு வேறு வழியில்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். காடைக்கு அவள் குரலில் விளையாட்டு இருக்கலாம், குதிரைக்குக் கூர்மை. கடவுள் என்று அவன் சொல்லும்போது அவள் உடனே பதில் சொல்லக் கூடாது. அந்த மௌனத்தை எவ்வளவு நேரம் அரங்கம் தாங்குகிறதோ அவ்வளவு நேரம் விடுங்கள்.

இதோடு புலவி நுணுக்கத்திலிருந்து தும்மலையும் சேர்த்துக்கொள்ளலாம். அவன் தும்முகிறான். வழக்கப்படி அவள் வாழ்த்துகிறாள். உடனே 'யாருள்ளித் தும்மினீர்' என்று அழுகிறாள் (1317). யாரோ நினைத்தால்தான் தும்மல் வரும் என்பது நம்பிக்கை. அடுத்த தும்மலை அவன் அடக்குகிறான். 'உங்களுக்கு வேண்டியவர்கள் நினைப்பதை எனக்கு மறைக்கிறீர்களா' என்று அதற்கும் அழுகை (1318). இது புது மணமக்கள் வீட்டுக்குப் பொருந்தும், பிள்ளை பெற்ற வீட்டுக்குப் பொருந்தாது. அங்கே தும்மலுக்கெல்லாம் அழ நேரமில்லை.

ஐந்தாம் படி: அடுக்களைக் காட்சி

மாங்குடி கிழார் பாடிய நற்றிணை 120ஐ ஏறக்குறைய அப்படியே நடிக்கலாம். மோதிரம் இறுகிய மெல்விரல் சிவக்க அவள் வாளைமீனை நறுக்குகிறாள். கண்ணில் புகை. நெற்றி வியர்வையைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொள்கிறாள். 'நப்புலந்து அட்டிலோளே', நம்மேல் கோபித்துக்கொண்டு அடுக்களையில் இருக்கிறாள். வாசலில் நிற்கும் கணவன் வேண்டிக்கொள்வது ஒன்றுதான்: இந்த நேரம் பார்த்து ஒரு விருந்தாளி வரக்கூடாதா! விருந்தாளி முன் அவள் கோபத்தைக் காட்டமாட்டாள். சிறு பல் தெரியச் சிரிக்கும் அந்த முகத்தை நாமும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

மேடையில் விருந்தாளி உண்மையில் வந்துவிடட்டும். அவள் சிரிக்கிறாள். கணவனும் சிரிக்கிறான். விருந்தாளி மட்டும் ஒன்றும் தெரியாமல் மீன்குழம்பைப் புகழ்கிறார். அவர் எழுந்து கைகழுவப் போகும் நேரத்தில் அவள் முகம் மாற வேண்டும், திரும்பி வரும்போது மறுபடி சிரிப்பு. நல்ல நடிகை கிடைத்தால் ஒரு வசனமும் தேவையில்லை. அடுப்புப் புகைக்காக மேடையில் எதையும் கொளுத்தாதீர்கள். கண்ணைக் கசக்கும் அசைவே போதும். அந்தக் கண்ணீர் புகையாலா என்பதை யாருக்கும் சொல்லாமல் விடுங்கள்.

ஆறாம் படி: எருமையை விளக்காதீர்கள்

அகநானூறு 46, அள்ளூர் நன்முல்லையார் பாடியது. சேற்றில் நிற்க வெறுத்த எருமை, ஊர் உறங்கும் இரவில் கட்டிய கயிற்றை அறுத்துக்கொள்கிறது. கூர்முள் வேலியைக் கொம்பால் தள்ளுகிறது. மீன்கள் சிதறக் குளத்தில் இறங்கி, வள்ளைக்கொடியைச் சிதைத்து, வண்டு மொய்க்கும் தாமரையைத் தின்கிறது. 'அப்படிப்பட்ட ஊரனே, உன்னிடம் ஊட நீ எனக்கு யார்?' என்கிறாள் தோழி, தலைவிக்காக.

சொல்லாமல் சொல்லும் இந்த முறைக்கு உள்ளுறை என்று பெயர். கட்டறுத்த எருமை யார், மிதிபட்ட வள்ளை யார், தாமரை யார் என்று பாட்டு சொல்வதில்லை. மேடையிலும் சொல்லக் கூடாது. சிலர் பின்னணித் திரையில் எருமைப் படத்தைக் காட்டிவிடுகிறார்கள், அதோடு பாட்டு செத்துப்போகிறது. என் யோசனை: முதல் காட்சியிலிருந்தே கதவு நிலையில் ஒரு அறுந்த கயிறு தொங்கட்டும். யாரும் அதைப் பற்றிப் பேச வேண்டாம். கணவன் ஒவ்வொரு முறை உள்ளே வரும்போதும் காலில் சேறு இருக்கட்டும். தோழி இந்தப் பாட்டைப் பேசும்போது கயிற்றைத் தற்செயலாகத் தொட்டால் போதும், பார்ப்பவர்கள் தாங்களே சேர்த்துக்கொள்வார்கள்.

ஏழாம் படி: தெருவில் குழந்தை

இதுவரை சிரித்தார்கள். நாடகம் திரும்பும் இடம் அகநானூறு 16. பாடியவர் சாகலாசனார். இந்தக் காட்சிக்காகவே முழு நாடகத்தையும் எழுதலாம் என்று நான் நினைக்கிறேன்.

தேர் ஓடும் தெருவில் மனைவியின் சின்ன மகன் தனியாக நிற்கிறான். அந்த வழியாக வந்த பரத்தை அவனைப் பார்க்கிறாள். முகத்தில் அவன் சாயல். சுற்றிலும் யாரும் இல்லை. 'வருக மாள என் உயிர்', வா என் உயிரே, என்று வாரி எடுத்து மார்போடு அணைத்துக்கொள்கிறாள். அப்போது மனைவி வந்துவிடுகிறாள்.

எந்தச் சண்டையையும் எதிர்பார்க்கலாம். மனைவி சொல்வது இது: 'மாசில் குறுமகள், எவன் பேதுற்றனை? நீயும் தாயை இவற்கு.' குற்றமில்லாத பெண்ணே, ஏன் கலங்குகிறாய்? நீயும் இவனுக்குத் தாய்தான். சொல்லிக்கொண்டே விரைந்து சென்று அவளைத் தழுவிக்கொள்கிறாள். களவில் பிடிபட்டவரைப் போல அவள் தலைகவிழ்ந்து, கால்விரலால் நிலத்தைக் கீறிக்கொண்டு நாணி நிற்கிறாள்.

மனைவி இதைப் பெருந்தன்மையால் சொன்னாளா, குத்திக் காட்டச் சொன்னாளா? பிறகு இந்த நிகழ்ச்சியைக் கணவனிடம் அவளே விவரிக்கிறாள், 'மகிழ்ந' என்று விளித்து. உன் மகனுக்கு அவள் தாயாவது பொருந்தும் என்று நானும் அவளைப் பேணினேனே என்கிறாள். அவனுக்கு அதைவிடப் பெரிய அடி இருக்க முடியாது. இரண்டு பொருளும் உண்மை என்றே நடிக்க வேண்டும். ஒத்திகையில் நடிகைகள் இருவரையும் மாற்றி மாற்றி நடிக்கச் சொல்லுங்கள், ஒரு நாள் இவர் மனைவி, மறுநாள் அவர். இருவரும் இரு பக்கமும் நின்று பார்த்த பிறகு வரும் தழுவல் வேறு மாதிரி இருக்கும். குழந்தைக்கு ஒரு குழந்தையைத் தேடி அலைய வேண்டாம். ஒரு சிறு துணி மூட்டையை எடுத்தாலும் போதும், அரங்கம் நம்பிவிடும். நிலத்தைக் கீறும் கால்விரல் மட்டும் எல்லோருக்கும் தெரியும்படி ஒளி விழ வேண்டும்.

எட்டாம் படி: பேகனை ஒரு முறை அழையுங்கள்

பெயரில்லாத கதைகளுக்கு நடுவே ஒரே ஒரு பெயர் சொல்லப்படட்டும். மயில் குளிரில் நடுங்குகிறது என்று போர்வையைக் கொடுத்தவன் பேகன், பொதினி மலைக்குரியவன். பொதினி இன்றைய பழனி. அந்த வள்ளல் தன் மனைவி கண்ணகியை (சிலப்பதிகாரக் கண்ணகி அல்ல) பிரிந்து வாழ்ந்தான். புறநானூறு 143 முதல் 147 வரை ஐந்து பாடல்கள் இதைப் பற்றியவை. கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் என்று நான்கு புலவர்கள் அவனிடம் பேசிப் பார்த்திருக்கிறார்கள். பரணர் சொல்கிறார்: 'பசித்தும் வாரேம், பாரமும் இலமே.' பசிக்காக வரவில்லை, எனக்குத் தாங்க வேண்டிய சுற்றமும் இல்லை. நீ தேரேறிப் போய் அவள் துயரைத் தீர்த்தால் அதுவே நான் கேட்கும் பரிசு. அரிசில் கிழாரும் நகைகளை வேண்டாம் என்கிறார். அவள் கூந்தல் மறுபடி நறும்புகை பெற்று மாலை சூட உன் தேரில் குதிரைகளைப் பூட்டு என்கிறார்.

பாணன் இந்தப் பகுதியைத் தனியாக, மேடையின் முன்பக்கம் வந்து பாடட்டும். மூன்று நிமிடம். இதுவரை தலைவனின் பொய்யைச் சுமந்தவன், தன்னைப் போன்ற கலைஞர்கள் ஒரு காலத்தில் அரசன் முகத்துக்கு நேரே உண்மை சொன்னதை நினைத்துக்கொள்கிறான். அதற்குப் பிறகு அவன் தூது போக மறுக்கலாம். அந்த மறுப்பு நாடகத்தில் வேறு எதையும்விட ஆணைத் தனியாக நிறுத்தும்.

ஒன்பதாம் படி: மொழியும் ஒத்திகையும்

சங்க அடிகளை எவ்வளவு வைப்பது? என் அளவு, ஒரு காட்சிக்கு இரண்டு அடிக்கு மேல் வேண்டாம். சுற்றியுள்ள பேச்சே பொருளைத் தந்துவிட வேண்டும், உரையாசிரியர் போல யாரும் நின்று விளக்கக் கூடாது. 'நீயேன்', 'ஆடிப்பாவை', 'வருக மாள என் உயிர்' போன்றவை அப்படியே நிற்கும் வலு உள்ளவை. மற்றவற்றை உங்கள் வட்டாரத்துப் பேச்சில் எழுதுங்கள். தஞ்சைப் பக்கமானால் அந்தப் பேச்சு, யாழ்ப்பாணமானால் அந்தப் பேச்சு.

மூலப் பாடல்களுக்குக் காப்புரிமை இல்லை. உரைகளுக்கு உண்டு என்பதை மறக்க வேண்டாம். இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டு வரை உரிமை நீடிக்கும். 1937இல் குறுந்தொகைக்கு விரிவான உரையோடு பதிப்பு வெளியிட்ட உ.வே.சாமிநாதையர் 1942இல் மறைந்தார், ஆகவே அவர் உரையைத் தடையின்றிப் பயன்படுத்தலாம். அண்மைக்கால உரைகளிலிருந்து வரிகளை எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள்.

பத்தாம் படி: மூன்று கதவுக்கும் மூன்று முடிவு

மரபு பெரும்பாலும் கதவு திறப்பதையே எதிர்பார்க்கிறது. மூன்று வீட்டிலும் திறந்துவிட்டால் நாம் ஒன்றரை மணி நேரம் பேசியதற்குப் பொருள் இல்லாமல் போகும். வள்ளுவர் ஓர் அளவு தருகிறார்: 'உப்பமைந் தற்றால் புலவி அதுசிறிது மிக்கற்றால் நீள விடல்' (1302). ஊடல் உணவில் உப்பு, நீளவிட்டால் உப்பு மிஞ்சியது போல. 1306இல் துனி, புலவி என்று இரண்டாகப் பிரிக்கிறார். புலவி இளைய சண்டை, துனி முற்றிய சண்டை. உங்கள் மூன்று இணைகளை இந்த அளவில் நிறுத்திப் பாருங்கள்.

புது மணமக்கள் புலவியில் இருக்கிறார்கள். அவர்கள் கதவு திறக்கட்டும், தும்மலோடு, சிரிப்போடு.

பரத்தையின் வீட்டில் கதவே இல்லை. அவள் தன் ஆம்பல் பூவைக் கூந்தலிலிருந்து எடுத்துவிட்டு ஆற்றுப்பக்கம் நடந்து போய்விடட்டும். அவன் கூப்பிடுவான், அவள் கேட்கவில்லை என்பது போலப் போவாள்.

பிள்ளை பெற்ற வீட்டின் கதவுதான் கடைசி. தோழி வெளியே வந்து மிளைக்கந்தனாரின் குறுந்தொகை 196ஐச் சொல்ல வேண்டும். அன்று என் தோழி வேப்பங்காய் தந்தாலும் 'தேம்பூங் கட்டி', இனிய வெல்லக்கட்டி, என்றீர்கள். இன்று பாரியின் பறம்புமலைச் சுனைநீரைத் தைமாதத்தில் குளிரக் குளிரத் தந்தாலும் 'வெய்ய உவர்க்கும்', சுடுகிறது, உவர்க்கிறது, என்கிறீர்கள். 'ஐய, அற்றால் அன்பின் பாலே.' ஐயா, அன்பின் தன்மை இப்படி ஆகிவிட்டது. இதைக் கத்திச் சொல்லக் கூடாது. பழகிய மனிதரிடம் கணக்கு ஒப்படைப்பது போலச் சொல்ல வேண்டும்.

அதன்பின் மனைவி கதவருகே வருகிறாள். அவன் வாயைத் திறந்து, முதல் காட்சியில் வேறொரு வீட்டில் வேறொருவன் சொன்ன அந்தச் சொல்லைச் சொல்லத் தொடங்குகிறான்: 'நீ...' சொல் முடியும் முன் அவள் அகநானூறு 46இன் இறுதி அடியைச் சொல்கிறாள். 'சென்றீ பெரும, நிற் தகைக்குநர் யாரோ?' போங்கள் ஐயா, உங்களைத் தடுப்பவர் யார்?

கதவை அறைந்து சாத்த வேண்டாம். அவள் உள்ளே திரும்பிப் போகிறாள், கதவு திறந்தபடியே கிடக்கிறது. அவன் காலில் சேறு. படியில் ஒரு கால், தெருவில் ஒரு கால். அடுக்களைப் பக்கமிருந்து மீன் நறுக்கும் ஓசை கேட்கட்டும். சேவல் இரண்டாம் முறை கூவும்போது ஒளியை மெல்லக் குறையுங்கள், ஓசை மட்டும் இன்னும் பத்து நொடி நிற்கட்டும்.